கொரோனாவுக்கு அப்புறம் டைனிங்க எடுத்துட்டு ஆப்ல மட்டும் விக்கலாமா? கணக்கு போட்டு ஒரு பதில்

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும். திருச்சி தில்லைநகர் பக்கம் அப்பா இருபத்திரண்டு வருஷமா நடத்துற ஹோட்டல், அறுபது பேர் உக்காந்து சாப்பிடலாம். 2020 லாக்டவுன்ல டைனிங் மூடினப்போ பார்சலும் ஆப் டெலிவரியும்தான் கடைய காப்பாத்துச்சு. அதனால இப்போ டைனிங்க எடுத்துட்டு, வாடகை கம்மியா ஒரு சந்துல கிச்சன் மட்டும் போட்டு, ரெண்டு மூணு பேர் வச்சு ஆப்ல மட்டும் விக்கலாம்னு மகன் நெனைக்கிறார். அப்பா ஒத்துக்கல. "பெருந்தொற்றுக்கு அப்புறம் எல்லாரும் பிசினஸ் மாடல மாத்துறாங்க, நாங்க மாத்தலைன்னா பின்னாடி போயிடுவோமா சார், எப்படி முடிவு பண்றது"ன்னு மகன் கேட்டிருக்கார்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட், சின்ன ஹோட்டல், பேக்கரி, திருப்பூர் பக்கம் கார்மென்ட் யூனிட் இதுங்களோட கணக்கத்தான் ரொம்ப வருஷமா பாத்துட்டு வரேன், 2020லயும் 2021லயும் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும், "சம்பளம் எப்படி போடுறது"ன்னு. அதனால இது எனக்கு சும்மா பேசிட்டு போற விஷயம் கெடையாது.

என் பதில் இது தம்பி. மாத்த வேண்டியது நெறைய இருக்கு, ஆனா டைனிங்க மூடுறது அதுல வராது. லாக்டவுன்ல என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, கடைக்கு ஒரு வாசல கவர்மென்ட் மூடுச்சு, இன்னொரு வாசல் தொறந்திருந்ததால பொழச்சீங்க. அதுல கத்துக்க வேண்டியது ஒரு கடைக்கு ரெண்டு வாசல் வேணும்ங்கறது. நீங்க அத "ரெண்டாவது வாசல்தான் நல்ல வாசல்"னு எடுத்துக்கிட்டு முதல் வாசல நீங்களே செங்கல் வச்சு அடைக்கப் பாக்குறீங்க.

இப்போ கணக்குக்கு வரேன், ஏன்னா இதுல உணர்ச்சிய விட கணக்குதான் பேசணும். நான் போடுற நம்பர் உங்க கடை மாதிரி இருக்குற கடைங்கள்ல நான் பாக்குறதுக்கு பக்கத்துல இருக்கும், ஆனா உங்க சொந்த நம்பர போட்டுத்தான் முடிவு பண்ணணும்.

ஆப்ல ஒரு 100 ரூபாய்க்கு ஆர்டர் வருதுன்னு வைங்க. சரக்கு, அதாவது அரிசி மளிகை காய் எண்ணெய் கறி எல்லாம் சேத்து 38. டப்பா, பை, சட்னிக்கு தனி டப்பா, ஸ்பூன், டேப் இதெல்லாம் 7. கமிஷன் 22ன்னு வச்சா அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 4, நம்ம ஹோட்டல் 5 சதவீத ஜிஎஸ்டில இருக்குறதால அந்த 4 ரூபாய இன்புட் கிரெடிட்னு, அதாவது நாம கட்ட வேண்டிய வரில கழிச்சு, திருப்பி எடுக்கவும் முடியாது, ஆக 26. ஆஃபர்ல உங்க பங்கு, ஆப்ல மேல தெரியறதுக்கு குடுக்குற விளம்பர காசு ஒரு 7. கேஸ் 3. மொத்தம் 81 போயிடுச்சு, கையில நிக்கிறது 19.

இந்த 19 நல்ல காசா? இப்போதைக்கு நல்ல காசுதான், ஏன்னா வாடகையும் மாஸ்டர் சம்பளமும் டைனிங் ஏற்கனவே கட்டிடுச்சு. சாயங்காலம் மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் அடுப்பு சும்மா எரியற நேரத்துல ஆப்ல பத்து ஆர்டர் வந்தா அந்த 19 அப்படியே லாபம். இதுதான் எல்லாரையும் ஏமாத்துற எடம். டைனிங் கூட சேந்து ஓடும்போது லாபமா தெரியுற அதே ஆர்டர், டைனிங் இல்லாம தனியா நின்னா வாடகையையும், மாஸ்டர் சம்பளத்தையும், ஈபி பில்லையும், பாத்திரம் கழுவுற அம்மா சம்பளத்தையும் அந்த 19லேர்ந்தே கட்டணும். ஆர்டர் அதேதான், சாப்பாடும் அதேதான், ஆனா பதில் தலைகீழ். எத்தனை பேர் இந்த ஒரு இடத்துல வழுக்கி விழுந்தாங்கன்னு நான் கண்ணால பாத்திருக்கேன், அதனாலதான் இத இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம். டைனிங்லயும் கவுண்டர் பார்சல்லயும் மாசம் 6 லட்சம் விக்குதுன்னு வைங்க. அதுல சரக்கு 38, கேஸ் 5, இலை சோப்பு மாதிரி சில்லறை 2, ஆக 100க்கு 55 ரூபா நிக்கும். 6 லட்சத்துக்கு 3,30,000. டைனிங்க மூடினா இது போயிடும். மிச்சம் ஆகுறது என்ன? வாடகை 80,000லேர்ந்து 30,000 ஆச்சுன்னா 50,000. சப்ளையர், டேபிள் துடைக்கிறவங்க, பில் போடுறவர்னு ஆறு பேர் கொறைஞ்சா ஆளுக்கு 15,000 வச்சு 90,000. ஆக மிச்சம் 1,40,000. போறது 3,30,000. 1,90,000 ரூபா பள்ளம். அந்த பள்ளத்த 100க்கு 19 நிக்கிற ஆப் வியாபாரத்த வச்சு மூடணும்னா மாசம் இன்னும் 10 லட்சம் ரூபாய்க்கு கூடுதலா ஆப்ல விக்கணும். இப்போ விக்கிறதுக்கு மேல. சராசரி பில் 250னா 4,000 ஆர்டர், ஒரு நாளைக்கு 130க்கு மேல. இவ்ளோ பண்ணினாத்தான் இப்போ இருக்குற எடத்துலயே நிப்பீங்க, ஒரு ரூபா கூட முன்னாடி போகல.

ஆப்ல வெல ஏத்தி வச்சிருக்கோம் சார்னு சொல்லுவீங்க, எல்லாரும் வச்சிருக்காங்க. 12 ரூபா ஏத்தி வச்சாலும் சரக்கு பங்கு 38லேர்ந்து 34 ஆகும், கையில 19க்கு பதிலா 23 நிக்கும், அப்பவும் எட்டு லட்சத்துக்கு மேல கூடுதலா விக்கணும்.

அப்புறம் சாப்பாடு. இத கணக்கு எழுதுறவன் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்றேன். பிரியாணியும் இட்லியும் டப்பால அரை மணி நேரம் தாங்கும், பரோட்டா சால்னா ஓரளவு தாங்கும். நெய் ரோஸ்ட் தாங்காது, மூடி தொறக்கும்போது ஈரம் கட்டி துணி மாதிரி இருக்கும். எல போட்டு ரெண்டாவது தடவ சோறு, ரசம், மோர்னு கேட்டு சாப்பிடுற மத்தியான சாப்பாடு ஆப்ல கெடையவே கெடையாது. வடைய சாம்பார்ல போட்டு அனுப்பினா அது வேற பண்டம். உங்க மெனுவ எடுத்து வச்சுக்கிட்டு அரை மணி நேர பயணம் தாங்குறதுக்கு டிக் போடுங்க, டிக் விழுந்த ஐட்டம் மொத்த விற்பனைல எத்தனை சதவீதம்னு பாருங்க. அப்பாவுக்கு இது கணக்கு போடாமலே தெரியும், அதான் ஒத்துக்கல.

சரி, எல்லாரும் மாத்துறாங்களேன்னு கேட்டீங்க இல்ல, அந்த எல்லாரும் யாரு, மாத்தினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம்.

அமெரிக்காவுல பெலோட்டான்னு ஒரு கம்பெனி, வீட்ல ஓட்டுற எக்சர்சைஸ் சைக்கிள் விக்கிறவங்க. 2020ல ஜிம் எல்லாம் மூடி கெடந்ததால சைக்கிள் பறந்துச்சு, டெலிவரிக்கு மாசக்கணக்குல காத்திருந்தாங்க. இனிமே ஜனங்க ஜிம்முக்கே போகமாட்டாங்கன்னு நம்பி 2021 மே மாசம் 40 கோடி டாலர்ல ஒஹாயோவுல ஃபேக்டரி கட்டுறோம்னு அறிவிச்சாங்க. 2022 பிப்ரவரில அந்த ஃபேக்டரி திட்டத்த கைவிட்டு 2,800 பேர வீட்டுக்கு அனுப்பினாங்க, கம்பெனிய ஆரம்பிச்சவரே சிஇஓ பதவிலேர்ந்து இறங்கினார். ஷாப்பிஃபைன்னு கனடா கம்பெனி, ஆன்லைன் கடை வைக்கிறவங்களுக்கு சாஃப்ட்வேர் குடுக்குறவங்க, 2022 ஜூலைல பத்துல ஒருத்தர வேலைலேர்ந்து எடுத்தப்போ அதோட தலைவர் வெளிப்படையாவே ஒத்துக்கிட்டார், ஆன்லைன் வியாபாரம் அஞ்சு பத்து வருஷம் முன்னாடி தாவி அங்கேயே நின்னுடும்னு கணக்கு போட்டோம், அது தப்பாப் போச்சுன்னு. ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டா 2022 நவம்பர்ல 11,000 பேர எடுத்தப்பவும் அதே காரணம்தான் சொன்னாங்க. இவங்ககிட்ட இல்லாத டேட்டாவா, இல்லாத ஆளுங்களா? தப்பு எங்கன்னா, பூட்டு போட்டிருந்தப்போ வந்த விற்பனைய ஜனங்களோட விருப்பம்னு எடுத்துக்கிட்டாங்க. வேற வழி இல்லாம ஒருத்தர் செய்யுறதுக்கும், வழி இருந்தும் அதையே செய்யுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

நம்ம பக்கத்துலயே டிசிஎஸ்னு பெரிய ஐடி கம்பெனி இருக்கு. 2020ல "25 பை 25"ன்னு அறிவிச்சாங்க, 2025க்குள்ள ஆளுங்கள்ல 25 சதவீதம் பேர் ஆபீஸ்ல இருந்தா போதும்னு. 2023 அக்டோபர்ல எல்லாரும் ஆபீஸ் வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா சாஃப்ட்வேர் கம்பெனி சோஹோவப் பாருங்க, அவங்க தென்காசி மத்தளம்பாறைல ஆபீஸ் போட்டது 2011லயே, கொரோனாவுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி. அப்புறம் இன்னும் சின்ன ஊர்கள்ல ஆபீஸ் தொறந்தாங்க. அது அவங்களுக்கு ஒட்டுச்சு, ஏன்னா முன்னாடியே நடந்துக்கிட்டு இருந்த ஒன்னத்தான் பெருக்கினாங்க.

இதுலேர்ந்து நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எந்த மாற்றத்த யார் சொன்னாலும் முதல்ல கேக்குறது, "இது 2019லயே ஏறிக்கிட்டு இருந்துச்சா?" யுபிஐ எடுத்துக்கோங்க. 2016ல வந்தது, 2020 மார்ச்ல மாசம் கிட்டத்தட்ட 125 கோடி பரிவர்த்தனை, லாக்டவுன் ஏப்ரல்ல 100 கோடிக்கும் கொஞ்சம் கீழ இறங்குச்சு, கடையே மூடியிருந்தா எங்க ஸ்கேன் பண்ணுவாங்க. கடை தொறந்ததும் ஏறுச்சு பாருங்க, நிக்கவே இல்ல, 2023 ஆகஸ்ட்ல மாசம் 1,000 கோடிய தாண்டிடுச்சு. இது நெசமான மாற்றம். முன்னாடியே ஏறிக்கிட்டு இருந்துச்சு, கடை தொறந்த அப்புறமும் ஜனங்க தானா செய்யுறாங்க, வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் தனியா செலவும் இல்ல. அதனால கல்லால சில்லறை வச்சுக்கற முறை, ராத்திரி கணக்கு முடிக்கிற முறை இதெல்லாம் கண்டிப்பா மாத்தியே ஆகணும். இன்னும் கல்லாப் பணத்தையும் யுபிஐ பணத்தையும் ஒரே நோட்டுல கலந்து எழுதுறீங்கன்னா இன்னைக்கே நிறுத்துங்க.

பெருந்தொற்றுல மாடலையே மாத்தி ஜெயிச்சவங்க இல்லையான்னா, இருக்காங்க. சீனாவுல ஜேடி டாட் காம். 2003ல சார்ஸ்ங்கற தொற்று வந்தப்போ அதோட முதலாளி 12 கடை வச்சிருந்தார், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட டிஸ்க் டிரைவ் மாதிரி சாமான். கடைய மூட வேண்டியதாப் போச்சு, இணையத்துல விக்க ஆரம்பிச்சு 2004ல சொந்தமா வெப்சைட் போட்டார், அப்புறம் கடைகள விட்டுட்டு முழுசா ஆன்லைன்தான். இந்தக் கதைய சொல்றவங்க ரெண்டு விஷயத்த விட்டுடுவாங்க. அவர் வித்தது தொட்டுப் பாக்கவோ சூடா சாப்பிடவோ வேண்டாத, டப்பால மாடல் நம்பர் ஒட்டின பொருள், எந்தக் கடைல வாங்கினாலும் ஒன்னுதான். அதோட அவர் போட்டது தன்னோட சொந்த வெப்சைட், வாங்குறவங்க பேரும் நம்பரும் அவர்கிட்ட இருந்துச்சு. நீங்க போகப் போறது இன்னொருத்தரோட ஆப்புக்கு. அங்க சாப்பிடுறவரோட நம்பர் கூட உங்களுக்கு தெரியாது, நாளைக்கு கமிஷன் ஏறினாலும், பக்கத்துல அவங்களே வேற கிச்சன தூக்கி விட்டாலும் உங்களால போய் ஒரு வார்த்த கேக்க முடியாது.

இந்த எடத்துக்கு வரத்தான் இவ்ளோ தூரம் சுத்தினேன். கொரோனா ஜனங்களோட பழக்கத்த மாத்தினத விட அதிகமா செஞ்சது ஒன்னு இருக்கு, ஒவ்வொரு தொழில்லயும் எது ஒத்தக் கயித்துல தொங்குதுன்னு காட்டிக் குடுத்துச்சு. பழக்கம் பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சு, ஆனா அந்த ஒத்தக் கயிறு இன்னும் அப்படியே தொங்குது. மாத்த வேண்டியது அங்கதான்.

உங்க ஊர்லயே பாத்தீங்க, காந்தி மார்க்கெட்ட மூடி காய்கறி மொத்த வியாபாரத்த பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்தினாங்க. சென்னைல 2020 மே 5 கோயம்பேட மூடி திருமழிசைக்கு கொண்டு போனாங்க, செப்டம்பர்லதான் திரும்ப தொறந்துச்சு. அந்த நேரத்துல யாருக்கு காய் வந்துச்சு? மண்டியத் தவிர ஒரு விவசாயியோட போன் நம்பரும் வச்சிருந்தவங்களுக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு மெஸ்காரர் மண்ணச்சநல்லூர் பக்கம் ரெண்டு பேர்கிட்ட வாரத்துல ஒரு நாள் நேரா கத்திரிக்காயும் கீரையும் வாங்குறது பழக்கம், வெலையெல்லாம் ஒன்னும் பெரிய வித்தியாசம் இல்ல, சும்மா ஒரு பழக்கம், ஆனா அந்த ஏப்ரல், மே மாசத்துல அவர் அடுப்பு ஒரு நாள் கூட நிக்கல.

டொயோட்டா கத இதே கததான், பெரிய அளவுல. 2011ல ஜப்பான்ல பூகம்பமும் சுனாமியும் வந்து உதிரிபாகம் கெடைக்காம அடிபட்டாங்க. அதுக்கப்புறம் சிப் குடுக்குறவங்க ரெண்டுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஸ்டாக் வச்சிருக்கணும்னு ஏற்பாடு பண்ணினாங்க, தேவையானப்போ தேவையானது மட்டும்ங்கற முறைய உலகத்துக்கே சொல்லிக் குடுத்த கம்பெனி அது. 2020ல மத்த கார் கம்பெனிங்க சிப் ஆர்டர கேன்சல் பண்ணிட்டு அப்புறம் வரிசைல கடைசில நின்னாங்க, டொயோட்டா 2021 பாதி வரைக்கும் பெருசா தடுமாறாம ஓட்டினாங்க. ஆனா 2021 செப்டம்பர்ல அவங்களும் உற்பத்திய 40 சதவீதம் கொறைக்க வேண்டி வந்துச்சு, தென்கிழக்கு ஆசியாவுல டெல்டா வகை கொரோனா பரவினதால. கையிருப்பு நமக்கு நேரம் வாங்கித் தரும், அதுக்கு மேல தராது. ஆனா அந்த நேரம்தான் கடை மூடுறதுக்கும் தொறந்திருக்குறதுக்கும் நடுவுல நிக்கிறது.

ஹோட்டலுக்கு கையிருப்புன்னா பணம்தான். எவ்ளோ வச்சுக்கணும்? இதுக்கு யாரும் ஊகிக்க வேண்டாம், நமக்கே அளவு தெரியும். 2020 மார்ச் 25லேர்ந்து ஜூன் 8 பாதி சீட்டோட டைனிங் தொறக்குற வரைக்கும் 75 நாள். 2021லயும் திரும்ப மூடி ஜூலைலதான் 50 சதவீதத்தோட தொறந்தாங்க. அதனால 75 நாள்னு வைங்க. வாடகை 80,000, விட்டுடக் கூடாத ஆளுங்களுக்கு பாதி சம்பளமாவது ஒரு 1,20,000, இஎம்ஐ ஈபின்னு 50,000, மாசம் 2,50,000னா ரெண்டரை மாசத்துக்கு 6,25,000. இத தனி அக்கவுண்ட்ல போடுங்க, மாசம் கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு வருஷம் ஆனாலும் பரவால்ல. கிளவுட் கிச்சன், அதாவது அந்த சந்து கிச்சன் போட எடுத்து வச்சிருக்குற பணத்துக்கு நான் சொல்ற முதல் செலவு இதுதான், கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா 2021 ரெண்டாவது அலைல மூடாம நின்ன கடைங்க எல்லாத்துலயும் நான் பாத்த ஒரே பொது விஷயம் இது.

அந்த நேரத்துல கவர்மென்ட் அவசர கடன் குடுத்தாங்க, 2020 பிப்ரவரி 29ல நிலுவைல இருந்த கடன்ல 20 சதவீதம், அடமானம் இல்லாம, நாலு வருஷ தவணை, முதல் வருஷம் அசல் கட்ட வேண்டாம். கடைய ஓட்டுறதுக்கு குடுத்த பணம் அது. அத எடுத்து புது கிளை தொறந்தவங்க, மெஷின் வாங்கினவங்க உண்டு. திருப்பூர் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு யூனிட் பனியன் தைக்கிறத கொறைச்சுட்டு மாஸ்க்குக்கும், டாக்டருங்க நர்ஸுங்க போடுற பிபிஇ பாதுகாப்பு டிரெஸ்ஸுக்கும் மெஷின் போட்டாங்க, 2020 ஜூன்ல ஆர்டர் மேல ஆர்டர், அடுத்த தீபாவளிக்குள்ள ஊர்ல எல்லாரும் அதையே தைக்க ஆரம்பிச்சு வெல அடிமட்டத்துக்கு போயிடுச்சு. மெஷின் தூசி படிஞ்சு நிக்குது, தவணை மட்டும் நாலு வருஷம் ஓடுச்சு. அந்த முதலாளி ரொம்ப நல்ல மனுஷர், ஆளுங்க சம்பளத்த ஒரு மாசம் கூட நிறுத்தல, அவருக்கு இப்படி ஆனதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம். அவர்கிட்ட அப்பவே "ஜிம் மூடியிருக்குறதால விக்கிற சைக்கிள் மாதிரி இது"ன்னு சொல்ல எனக்கும் தெரியல.

வாடகை அக்ரிமென்ட எடுத்துப் பாருங்க. 2020 மே மாசம் டெல்லி ஹைகோர்ட் ஒரு கடை வழக்குல சொல்லிடுச்சு, அக்ரிமென்ட்ல அப்படி ஒரு ஷரத்து இல்லாம லாக்டவுன்னு காரணம் காட்டி வாடகைய நிறுத்தி வைக்க முடியாதுன்னு. உங்களோடது எப்போ புதுப்பிக்கிறீங்களோ அப்போ கவர்மென்ட் உத்தரவுல டைனிங் மூடினா அந்த நாளுக்கு வாடகை பாதின்னு ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேளுங்க. எடத்துக்காரர் ஒத்துக்காம கூட போகலாம், பரவால்ல, கேக்குறதுக்கு பைசா செலவு இல்ல. இன்சூரன்ஸ் இருக்குன்னு நம்பி இருக்காதீங்க, சாதாரண ஃபயர் பாலிசியோட வர்ற லாப இழப்பு கவர் எல்லாம் கட்டடத்துக்கோ சாமானுக்கோ சேதம் ஆனாத்தான் தரும், ஊரடங்குக்கு தராது.

ஆளுங்க விஷயம். ஒரே ஒரு பரோட்டா மாஸ்டர், அவர் ஊருக்கு போயிட்டா ராத்திரி வியாபாரம் படுத்துடும்னா அதுவும் ஒத்தக் கயிறுதான். இன்னொரு பையனுக்கு வாரத்துல ரெண்டு நாள் கல்லுல நிக்க விடுங்க. மாஸ்டர் மொறைப்பார், அவருக்கு சம்பளம் கொஞ்சம் ஏத்திக் குடுத்து சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.

இப்போ ஆப்ப என்ன பண்றது? வச்சுக்கோங்க, ஆனா அளவோட. நான் சொல்ற அளவு மொத்த விற்பனைல கால் பாகத்துல ஆரம்பிச்சு மூணுல ஒரு பங்கு வரைக்கும். அதுக்கு மேல போனா உங்க கடை அவங்க கையில. சாயங்காலம் சும்மா இருக்குற நேரத்துக்கு ஆப்ல தனி ஆஃபர் போடுங்க, மத்தியானம் ஒன்னுலேர்ந்து ரெண்டரை வரைக்கும் டைனிங் நெறஞ்சு வழியும்போது ஆப்ப நிறுத்தி வைங்க, 55 ரூபா நிக்கிற ஆள காக்க வச்சுட்டு 19 ரூபா ஆர்டருக்கு கிச்சன ஓட விடாதீங்க. கவுண்டர் பார்சலுக்கு வாட்ஸ்அப் நம்பர் ஒன்னு வைங்க, ரெண்டு கிலோமீட்டருக்குள்ள உங்க பையனே சைக்கிள்ல குடுத்துட்டு வந்தா கமிஷன் 26ம் உங்களுக்கே. அந்த வாட்ஸ்அப்ல சேர்ற ஒவ்வொரு நம்பரும் உங்களோட சொந்த சொத்து. நாளைக்கு திரும்ப ஒரு பூட்டு விழுந்தா காலைல ஆறு மணிக்கு "இன்னைக்கு இட்லி, பொங்கல் இருக்கு"ன்னு ஐநூறு வீட்டுக்கு நீங்களே சொல்லலாம். அதுதான் நான் சொல்ற ரெண்டாவது வாசல்.

எல்லாருக்கும் டைனிங்க விடாதீங்கன்னு சொல்லமாட்டேன். சென்னை ஓஎம்ஆர்ல சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் ஐடி ஆளுங்கள நம்பி மெஸ் வச்சிருந்தவங்க நெலம வேற. அங்க சாப்பிடுற பழக்கம் அப்படியேதான் இருந்துச்சு, சாப்பிட வர்றவங்களே மதுரைக்கும் நெல்லைக்கும் வீட்டுக்கு போயிட்டாங்க. ஆளே எடம் மாறிட்டா கடையும் மாறித்தான் ஆகணும், அங்க காத்திருந்தவங்க வாடகை கட்டியே கரைஞ்சாங்க. உங்க தில்லைநகர்ல ஆஸ்பத்திரி, கிளினிக், டியூஷன் சென்டர், குடும்பம் குடும்பமா வீடு, இவங்க யாரும் எங்கயும் போகல. அதே மாதிரி மெனு முழுக்க பிரியாணின்னு இருந்து, உக்காந்து சாப்பிடுற எடம் 2022க்கு அப்புறமும் பாதி கூட நெறையலன்னா அப்போ நானே சொல்வேன் எடத்த சின்னதாக்குங்கன்னு.

கடைசியா, எப்படி முடிவு பண்றதுன்னு கேட்டீங்க. 2020ம் 2021ம் எழுதின பக்கங்கள ஓரமா வைங்க, அது அசாதாரண வருஷம், அத வச்சு எதையும் ஒப்பிடாதீங்க. 2019 ஒரு நோட்டு, போன பன்னெண்டு மாசம் ஒரு நோட்டு. புரட்டாசிய புரட்டாசியோட, ஆடிய ஆடியோட, ஞாயித்துக்கிழமைய ஞாயித்துக்கிழமையோட ஒப்பிடுங்க, இல்லன்னா அசைவம் விழற மாசத்த பாத்துட்டு வியாபாரமே விழுந்துடுச்சுன்னு பயந்துடுவீங்க. டைனிங், கவுண்டர் பார்சல், ஆப் மூணையும் தனித்தனி பத்தியா எழுதுங்க. வெல ஏறினத கழிக்க ரூபாய பாக்காம எலைய எண்ணுங்க, டப்பாவ எண்ணுங்க. எண்ணிக்கைல டைனிங் 2019ல இருந்த அளவுல பத்துல எட்டு பங்குக்கு மேல இருந்துச்சுன்னா மூடுற பேச்ச விட்டுடுங்க. பத்துல அஞ்சுக்கு கீழன்னா அறுபது சீட்ட முப்பதாக்கி, மிச்ச எடத்துல பார்சல் கவுண்டர் போட்டு ஆறு மாசம் பாருங்க. டேபிள விக்க வேண்டாம், மாடில போட்டு வைங்க. அட்வான்ஸ திருப்பி வாங்கிட்டு எடத்த விட்டுட்டீங்கன்னா தில்லைநகர்ல அதே எடம் திரும்ப கெடைக்காது, சந்துல போட்ட கிச்சன எப்ப வேணா மூடலாம். திரும்ப வர முடியாத காரியத்த கடைசில வைங்க.

அந்த நடு நெலமை, எட்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வந்துச்சுன்னா மூணு பத்தியையும் மாசக்கணக்கா எழுதி இங்க போடுங்க, கடை பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும், உக்காந்து பாத்து சொல்றேன். எழுதும்போது அப்பாவையும் பக்கத்துல வச்சுக்கோங்க, 2019 மார்கழில எத்தனை கிலோ பொங்கல் போச்சுன்னு நோட்டுல இல்லன்னாலும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.